தண்ணீர் இணைப்பில்லாத வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். பயத்தால் இல்லை, அலுப்பால். எங்கள் பம்ப் அறைக்குள் வெள்ளை உடுப்போடு ஒருவர் நடமாடுகிறார் என்று ஒரு காவலாளி சொன்னபோது, வேலை நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க அவருக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் முன்னால் சிரித்தவன். ஆகவே இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன். இதைக் கூட்டிச் சொல்ல எனக்குத் தென்பும் இல்லை.

என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. மட்டக்களப்பில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாதிப்பேருக்குத் தெரியாது. அது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். படுவான்கரையில் வடித்து, குளோரின் போட்டு, வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து, உயரமான தாங்கிகளில் ஏறி, பிறகு தெருத்தெருவாக இறங்குகிறது. அப்படி வருகிற வழியில் காணாமல் போகிற தண்ணீரைத் தேடுவதுதான் என் வேலை. மனிதர் எடுப்பதைச் சொல்லவில்லை, மண் எடுப்பதைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மணல் தரை. குழாய் வெடித்து ஒழுகினாலும் தண்ணீர் மேலே வராது, மணல் குடித்துவிடும். வாரக்கணக்கில் ஒழுகும், ஒருவருக்கும் தெரியாது. தெருக்கோடியில் இருக்கிற வீடுகளில் குழாய் இருமத் தொடங்கிய பிறகுதான் தெரியவரும்.

தேடுவதற்கு எங்களிடம் இருப்பது ஒரு நீளமான இரும்புக் கம்பி. அதன் ஒரு நுனியைக் குழாயிலோ வால்விலோ ஊன்றி, மேல் நுனியில் இருக்கிற குமிழில் காதை வைக்க வேண்டும். ஒழுக்கு இருந்தால், தூரத்தில் யாரோ மீன் பொரிக்கிற மாதிரி ஒரு சீறல் கேட்கும். புதிய கருவிகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் கந்தோருக்கு இன்னும் வரவில்லை. பல வருடமாக நான் இந்தக் கம்பியோடுதான் திரிகிறேன். மண்ணுக்குள் கேட்கிற சத்தங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. மீற்றர் சுற்றுகிற சத்தம், காற்று அடைபட்டுக் குமுறுகிற சத்தம், யாரோ குழாயைச் சட்டென்று மூடும்போது தண்ணீர் முட்டுகிற சத்தம், வால்வுக் குழிக்குள் தவளை குந்தியிருந்தால் அதன் சத்தம் கூடத் தெரியும். இதனால் கிடைத்த மிச்சம், படுத்தால் காதுக்குள் இரைச்சல். நித்திரை வருவதற்குள் விடிந்துவிடும்.

இது நடந்தது ஆவணி மாதம். மழை இல்லை. குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்லடிப் பக்கம் வாவியை ஒட்டிய சில குறுகிய ஒழுங்கைகளுக்குத் தண்ணீரே ஏறவில்லை. தாங்கியிலிருந்து இறங்குகிற தண்ணீர் அங்கே போய்ச் சேராமல் நடுவில் எங்கேயோ காணாமல் போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டியது நானும் நசீரும். நசீர் காத்தான்குடி ஆள், என் வயதுதான், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். காலையில் மேலதிகாரியிடம் ஏச்சு, பகலில் சனத்திடம் ஏச்சு, பின்னேரம் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசமாட்டோம். அவ்வளவு களைப்பு.

இந்த வேலையை வழக்கமாக ஊர் அடங்கின பிறகுதான் செய்வது. ஆனால் இது இரவுக் கதை இல்லை, நீங்கள் அப்படி நினைத்துவிட வேண்டாம். பட்டப்பகல். திருத்த வேலைக்காக அன்றைக்கு மத்தியானம் அந்தப் பகுதிக்குக் கரண்ட் வெட்டுவதாக அறிவித்திருந்தார்கள். கரண்ட் இல்லாவிட்டால் வீடுகளில் மோட்டார் ஓடாது, மின்விசிறி ஓடாது, தொலைக்காட்சி ஓடாது. தாங்கித் தண்ணீர் மட்டும் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். காது வைப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வெயில்தான் கொல்லும். தார் றோட்டில் செருப்பு ஒட்டியது. நாய்கள் கூட எழும்பவில்லை.

ஒழுங்கைக்குள் இறங்கும்போதே எதிரே வந்த ஒரு பெண் எங்களைப் பிடித்துக்கொண்டார். நடுத்தர வயது, கையில் வெறும் குடம்.

"தண்ணி வருமா வராதா தம்பி? பைப்பத் துறந்தா வெறும் காத்துதான் வருது. காத்துக்கும் பில் போடுறீங்களோ?"

"அதத்தான் தேடி வந்திரிக்கம் அக்கா," என்றான் நசீர்.

"போன கிழமையும் இதத்தான் சொன்னீங்க."

போன கிழமையும் அதைத்தான் சொன்னோம். அதற்கு முந்தைய கிழமையும். நான் முதல் வால்வு மூடியைத் திறந்து, கம்பியை ஊன்றி, காதை வைத்தேன்.

சீறல் கேட்கவில்லை. வேறொன்று கேட்டது. டக், டக், டக். பிறகு ஒரு இடைவெளி. மறுபடியும் டக், டக், டக்.

யாரோ சுத்தியலால் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் ஒழுங்கை செத்துக் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. மறுபடி காதை வைத்தேன். டக், டக், டக். சுத்தியல் என்றால் கணீரென்று இருக்கும். இது அப்படி இல்லை, விரல் மொளியால் கதவைத் தட்டுவது மாதிரி. அவசரமே இல்லாமல், வெகுநேரமாகத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தவன் தட்டுகிற மாதிரி.

"நசீர், இதக் கேள்."

அவன் குனிந்து கேட்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"காத்து அடைச்சிரிக்கும்," என்றேன்.

"காத்து எண்ணி எண்ணித் தட்டாது மச்சான்."

அப்போதுதான் நான் அந்த விசர் வேலையைச் செய்தேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, வெயிலில் மூளை கலங்கியிருக்கலாம். பையிலிருந்து ஸ்பெனரை எடுத்து வால்வின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். தட்டிவிட்டுக் காதை வைத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டக், டக்.

இரண்டே இரண்டு.

நான் கம்பியையும் ஸ்பெனரையும் நசீரிடம் கொடுத்தேன். அவன் தன் பாட்டுக்கு நான்கு தட்டினான். குனிந்து கேட்டான். அவன் உதடு அசைவதைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"இது பைப்பில்ல. ஆரோ ஆள்," என்றான்.

இனி என்ன செய்வது? ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மீற்றர் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கம்பியை வைத்துப் பார்த்துக்கொண்டு போனோம். ஒழுக்கைத் தேடுவதும் இப்படித்தான், சத்தம் எங்கே கூடுகிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். வாவிப் பக்கமாகப் போகப் போகச் சத்தம் கூடியது. குடத்தோடு எங்கள் பின்னாலேயே வந்த அந்த அக்காவின் வீட்டு மீற்றரில் மிகவும் தெளிவாகக் கேட்டது. அதற்கு அடுத்தது, ஒழுங்கையின் கடைசி வீடு. உயரமான மதில், தகரம் அடித்த கேற். வாசலில் மீற்றர்ப் பெட்டிக்காகக் கட்டிய சிறிய சீமெந்துக் குழி இருந்தது. குழிக்குள் மீற்றர் இல்லை. சருகும் நத்தைக் கோதும்தான் கிடந்தன.

"இந்த வீட்டுக்கு லைன் இல்லயே," என்றான் நசீர். "வீட்டுக்காரர் வெளிநாட்டுக்குப் போகக்குள்ள இணைப்ப வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்தவங்க. நான் வந்து வெட்டினது ஞாபகமிரிக்கி."

நான் சருகை விலக்கிவிட்டுக் கம்பியை வெறும் மணலில் ஊன்றினேன். சொல்கிறேன் கேளுங்கள், காய்ந்த மணல் ஒரு சத்தத்தையும் கொண்டுவராது. பஞ்சில் காது வைப்பதும் அதுவும் ஒன்றுதான். ஆனால் எனக்குக் கேட்டது. குமிழுக்குள் யாரோ இருந்து தட்டுகிற மாதிரிக் கேட்டது. தட்டுகிற வேகமும் கூடியிருந்தது.

உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை, சலிப்புத்தான். எத்தனை நாளாக நித்திரை இல்லாமல், ஏச்சு வாங்கிக்கொண்டு, ஒரு ஒழுக்கைத் தேடி அலைகிறோம். கடைசியில் தண்ணீரே இல்லாத வீட்டு வாசலில் வந்து நிற்கிறோம். இணைப்பில்லாத வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் அது எங்கள் கணக்கில் வராது. கரண்ட் வருவதற்குள் மற்ற ஒழுங்கையையாவது பார்த்து முடிக்கலாம் என்று கம்பியைத் தோளில் போட்டேன்.

"இரி," என்றான் நசீர். அந்த அக்காவிடம் திரும்பி, "இஞ்ச ஆரக்கா இரிக்கிற?" என்று கேட்டான்.

"ஒரு ரீச்சர். வாடகைக்கு வந்தவ. திருகோணமலைப் பக்கத்துல இரிந்து மாற்றலாகி வந்து, தனியத்தான் இரிக்கிறா. இப்ப பள்ளிக்கூட லீவுதானே, ஊருக்குப் போயிட்டா."

"போனதக் கண்டீங்களா?"

அக்கா யோசித்தார். "காணல்ல. கிணத்துத் தண்ணி உப்பெண்டு குடிக்கிறதுக்கு எங்கட பைப்பிலதான் ஒவ்வொரு நாளும் கான்ல பிடிச்சிட்டுப் போவா. ரெண்டு மூணு நாளா வரல்ல. சொட்டுச் சொட்டா வந்த தண்ணியும் இப்ப நிண்டிட்டுத்தானே, அதாக்கும் வரல்ல எண்டு நினைச்சன். ஊருக்குத்தான் போயிரிப்பா."

நசீர் கேற்றின் தகர இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஆமைப்பூட்டு உள்பக்கமா தொங்குது. ஊருக்குப் போனவ உள்ளுக்கு நிண்டு எப்பிடிப் பூட்டினவ?"

அக்காவின் கையிலிருந்த குடம் மெல்லக் கீழே இறங்கியது. நான் கம்பியை மதிலில் சாத்திவிட்டு, ஒன்றும் யோசிக்காமல், நசீரின் தோளில் கால் வைத்து மதில் ஏறிக் குதித்தேன். அவனும் பின்னால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஏறி வந்தான்.

வளவுக்குள் ஒரு சத்தமும் இல்லை. தட்டுகிற சத்தம் கம்பிக்குள் மட்டும்தான் கேட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. முன்கதவு பூட்டியிருந்தது. "ரீச்சர்! ரீச்சர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே பக்கவாட்டால் ஓடினேன். பின்பக்கம் கிணறு, கிணற்றடிக்கு நேரே குசினிக் கதவு. போன வேகத்தில் கதவில் கை வைத்தேன். திறந்துகொண்டது.

ரீச்சர் குசினிக்கும் குளியலறைக்கும் நடுவில் நிலத்தில் கிடந்தார். ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும். ஒரு பக்கத்து முகம் கீழே இழுபட்டிருந்தது. உதடு வெடித்து, எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்போது கண் அசைந்தது. என்னைப் பார்த்தது. பிறகு என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தது. நசீரைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"தண்ணி பருக்காத, புரையேறும்," என்று சொல்லிக்கொண்டு நசீர் கைக்குட்டையை நனைத்து அவருடைய உதட்டில் வைத்தான். எங்கள் போத்தலில் இருந்த தண்ணீர், வெயிலில் கொதித்திருந்தது. ரீச்சர் அந்தத் துணியை உறிஞ்சினார் பாருங்கள், எத்தனையோ பேர் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேலையில் இருந்துகொண்டு, தண்ணீர் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்புலன்ஸ் வந்தது. கேற்றை அலவாங்கால் நெம்பித் திறந்து, அக்கா கொடுத்த பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம். இடதுகை முழுக்க உடம்புக்குக் கீழே அகப்பட்டு நீலம் பாரித்திருந்தது. வலதுகை துணி மாதிரித் தொங்கியது. பாரிசவாதம் என்றார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் தப்பியிருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரி வோட்டில் சொன்னார்களாம்.

கம்பியை எடுக்கத் திரும்பி வந்தபோது கரண்ட் வந்துவிட்டது. ஒழுங்கை முழுக்க மோட்டார்கள் இரைந்தன. அந்த மணலில் மறுபடி கம்பியை ஊன்றிப் பார்த்தேன். மோட்டார் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை.

மறுநாள் எங்கள் மேலதிகாரி அந்த வாசலைத் தோண்டச் சொன்னார். ஒழுக்கு அங்கேதான் இருக்க வேண்டும், அதனால்தான் எங்களுக்கு ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது என்பது அவருடைய எண்ணம். தோண்டினோம். பெரிய குழாயிலிருந்து அந்த வீட்டுக்குப் போன கிளை, நசீர் வெட்டி அடைத்த இடத்தில் அடைத்தபடியே இருந்தது. அங்கேயிருந்து மதில்வரைக்கும் வெறும் மண். மதிலுக்கு உள்ளே போய்ப் பார்த்தோம். குளியலறைச் சுவரில் பழைய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதன் மறுமுனை சுவருக்கு வெளியே ஒரு முழத்தில் முடிந்துவிட்டது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. நாங்கள் தேடித் திரிந்த ஒழுக்கு வேறொரு தெருவில், மதகுக்குக் கீழே இருந்தது. பிறகு அகப்பட்டது. கல்லடிக்குத் தண்ணீர் ஏறியது. சனம் ஏசுவதை நிறுத்தியது.

"மனிசி கையால நிலத்துல தட்டியிரிப்பா. அது எங்கயோ சுத்தி உங்களுக்குக் கேட்டிரிக்கும்," என்றார் மேலதிகாரி. நானும் சரி என்றேன். எந்தக் கையால் தட்டினார் என்று கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஒரு உயிர் தப்பியது, அது போதும் என்று விட்டுவிட்டேன். நசீரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாதது எனக்குப் பெரிதாகத் தெரியவும் இல்லை, நாங்கள் பேசாமல் திரிந்து பழகினவர்கள்தானே.

இங்கேயே முடிந்திருந்தால் இதை நான் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

மாரி தொடங்குகிற நேரம், ரீச்சரின் தங்கை கந்தோருக்குப் போன் எடுத்தார். ரீச்சருக்கு இப்போது கொஞ்சம் பேச வருகிறது, தேற்றாத்தீவில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள், எங்கள் இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்கிறார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனோம். ரீச்சர் கதிரையில் சாய்ந்திருந்தார். முகம் பாதி நேராகியிருந்தது. தங்கை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ரீச்சர் எங்கள் இரண்டு பேரின் கையையும் மாறி மாறிப் பிடித்தார், கண் கலங்கினார். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மற்ற ஆள் வரல்லயா?"

சொற்கள் இழுபட்டு, ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"ஆர் ரீச்சர் மற்ற ஆள்? நாங்க ரெண்டு பேரும்தானே வந்தம்."

"பைப் தட்டினவர்."

தங்கை சங்கடத்தோடு எங்களைப் பார்த்தார். "அக்கா இப்பிடித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா," என்றார்.

ரீச்சர் விடவில்லை. மெதுவாக, நடுநடுவே நின்று நின்று சொன்னார். விழுந்து கிடந்த நேரம் முழுக்கக் குளியலறைக்குள் ஒருவர் குந்தியிருந்து குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்காரர் அனுப்பின மேசன் என்று நினைத்தாராம். தன்னைத் தூக்கிவிடாமல் குழாயையே தட்டிக்கொண்டிருக்கிறாரே என்று கோபம் கோபமாக வந்ததாம், ஆனால் வாய் திறக்க முடியவில்லை.

"ஆளின்ர முகத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"முகம் தெரியல்ல. நான் கிடந்த கிடைக்குக் கால்தான் தெரிஞ்சது. முழங்கால் வரைக்கும் சேறு. ஈரம் காயவே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீங்க கூப்பிட்ட சத்தம் கேட்டதும் எழும்பிப் போனவர். அவர்தானே கதவத் திறந்துவிட்டவர்."

"கதவு திறந்துதான் இரிந்தது ரீச்சர்."

"இல்லத் தம்பி. பொழுதுபட்டா நான் தாழ்ப்பாள் போட்டிடுவன். விழுந்த பிறகு அதத் திறக்கத்தான் அரக்கி அரக்கிப் போகப் பாத்தனான். கிட்டவும் போக முடியல்ல."

பாரிசவாதம் வந்தவர்களுக்கு மூளையில் இப்படியெல்லாம் தோன்றும், பசியும் தாகமும் வேறு. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, சுகமாக இருங்கள் ரீச்சர் என்று சொல்லிவிட்டு எழும்பினோம். நசீர் தேத்தண்ணீரைத் தொடவே இல்லை.

திரும்பி வரும்போது அவன்தான் மோட்டார் சைக்கிளை ஓட்டினான். மழை இருட்டியிருந்தது, வெளிச்சம் இன்னும் போகவில்லை. பாதிவழியில், வயல் வெளியாக இருந்த ஒரு இடத்தில், ஓரமாக நிறுத்தினான். இறங்கவில்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மச்சான், அண்டைக்கு நீ குசினிக் கதவத் தள்ளினாயா?"

"ஓம். கை வைச்சன், திறந்திச்சு."

"நீ கை வைக்கல்ல. நான் உனக்குப் பின்னால வந்துகொண்டிருந்தன். நீ கிட்டப் போகக்குள்ளயே கதவு திறந்திச்சு. ஒராள் திறந்து, உனக்கு வழி விட்டு ஒதுங்கி நிண்டவர். சாரத்த மடிச்சுக் கட்டியிருந்தவர், கால் முழுக்கச் சேறு. எங்களுக்கு முன்னாலயே பக்கத்து வீட்டு ஆரோ குதிச்சு வந்திட்டாங்க எண்டுதான் நான் நினைச்சன். பிறகு ரீச்சரத் தூக்கிற அவசரத்துல ஆளை மறந்திட்டன். இண்டைக்கு அவ சொல்லக்குள்ளதான்..."

அவன் முடிக்கவில்லை. வயலில் கொக்குகள் நின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஒருத்தரயும் காணல்ல நசீர்," என்றேன் கடைசியில்.

"அதெப்பிடிக் காணாம விடுவாய்? அவர் குனிஞ்சு உன்ட காதுக்குள்ள என்னமோ சொன்னவர். நீ நிண்டு கேட்டாய்."

"எனக்கு ஒண்டும் கேக்கல்ல."

நசீர் அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"கேக்கல்லயா? நீ தலையாட்டினாய் மச்சான். 'ஓம்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போனாய். நான் என்ட காதால கேட்டன்."

அவன் மோட்டார் சைக்கிளை மறுபடி ஸ்டார்ட் பண்ணினான். அடுத்த மாதமே களஞ்சியப் பகுதிக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது அங்கே குழாய்த் துண்டுகளுக்கும் வால்வுகளுக்கும் நடுவில் இருக்கிறான். கண்டால் சிரிப்போம், தேத்தண்ணீர் குடிப்போம், அந்தக் கதையை எடுக்க மாட்டோம். நான் இன்னும் கம்பியோடுதான் திரிகிறேன். வேறு வேலை தெரியாது. காது இரைச்சல் குறையவில்லை, தண்ணீர் ஒழுகுவதும் குறையவில்லை.

ரீச்சர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாராம். நல்லது. தட்டியது யார், மண்ணுக்குள் சத்தம் எப்படி வந்தது, தாழ்ப்பாளைத் திறந்தது யார், இதையெல்லாம் யோசிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அந்த ஆள் யாராக இருந்தாலும் ஒரு மனிசியைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார், அவருக்குப் பயப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் படுத்துக் கிடக்கும்போது அந்தக் குசினி வாசலை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். வெயில், கிணறு, கதவு. அவ்வளவுதான் ஞாபகம் வருகிறது. அவர் என்னிடம் என்ன கேட்டார், நான் எதற்கு 'ஓம்' சொன்னேன் என்பது மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை.